கண்ணிவெடித் தடை உடன்படிக்கை: ஏற்றமும் இறக்கமும்

படைக்கலக் கட்டுப்பாடு பற்றிய செய்திகளை நாம் நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். சில நாடுகள் கூடிக் கையொப்பமிட்டன என்று ஒரு நாள் படிக்கிறோம். சில ஆண்டுகள் சென்றபின் அவற்றுள் ஒரு நாடு விலகிக்கொண்டது என்று படிக்கிறோம். 1987-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட நடுத்தர ஏவுகணை உடன்படிக்கை 2019-இல் முறிந்தது. அமெரிக்கா, ருஷ்யா ஆகிய இரண்டின் நெடுந்தூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு கட்டிய 2010-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் காலம் 2026 பிப்ரவரி 5-இல் முடிவுற்றது. மறுபுறம், 1997-இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் வழியே, உறுப்பு நாடுகள் கணக்குக் காட்டிய நச்சு ஆயுதக் கையிருப்பு முழுவதும் 2023 ஜூலையில் அழித்து முடிக்கப்பட்டது. ஆகவே இத்துறையில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு.

"மீறுவோரைத் தண்டிக்க மேலே ஓர் அதிகாரம் இல்லாதபோது, வேண்டும்போது சேர்ந்து வேண்டாதபோது விலகக்கூடிய உடன்படிக்கைகளால் என்ன பயன்?" என்று நம் இல்லத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பல உடன்படிக்கைகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பிறப்பு, விதிகள், பயன், தளர்ச்சி ஆகியவற்றை முறையே ஆராய்ந்தால் விடை தெளிவாகும். அதற்கு ஏற்றது, 1997-இல் கையெழுத்தான கண்ணிவெடித் தடை உடன்படிக்கை. கையெழுத்தான நகரின் பெயரால் இதனை ஒட்டாவா உடன்படிக்கை என்றும் வழங்குவர்.

1. கண்ணிவெடி என்பது யாது?

உள்ளங்கையளவேயான பெட்டி; பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது; உள்ளே சிறிதளவு வெடிமருந்து. மண்ணுக்குள் விரற்கடை ஆழத்தில் புதைத்துவிடுவர். சில கிலோ எடை அழுத்தினாலே வெடிக்கும். ஈழத்தமிழர் இதனை மிதிவெடி என்று பெயரிட்டு அழைப்பர். அப்பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. மிதிப்பவர் படைவீரரா, விறகு பொறுக்கவந்த சிறுமியா, மேயவந்த பசுவா என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்ததும் தெரியாது. சமாதானம் ஏற்பட்டு இருபது ஆண்டுகள் கழிந்தபின்னும், புதைத்தவர் இறந்துபட்ட பின்னும், அது தன் வேலையைச் செய்யும். மிதித்தவர் பிழைத்தால் பெரும்பாலும் காலை இழப்பார்.

இவ்வாயுதத்தைச் செய்வது எளிது; அகற்றுவது அரிது. ஒன்றைச் செய்ய 3 முதல் 30 டாலர் வரையும், அகற்ற 300 முதல் 1,000 டாலர் வரையும் ஆகும் என்பது 1990-களில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு. ஆப்கானிஸ்தான், கம்போடியா, அங்கோலா, மொசாம்பிக் போன்ற ஏழை நாடுகளே இச்சுமையை மிகுதியும் தாங்கின. வயலில் இறங்க முடியவில்லை. கிணற்றடிக்குச் செல்ல முடியவில்லை. அகதியாகச் சென்றவர்கள் ஊர் திரும்பியும் தம் நிலத்தில் கால்வைக்க இயலாமல் வேலிக்கு வெளியே நின்றனர்.

2. உடன்படிக்கை பிறந்த வரலாறு

1980-இல் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை கண்ணிவெடிகளைப் பயன்படுத்தும் முறைக்குச் சில விதிகளை வகுத்தது. ஆனால் முற்றிலும் தடை செய்யவில்லை. 1996-இல் அவ்விதிகளைத் திருத்தியபோதும் தடை வரவில்லை. எல்லா நாடுகளும் ஒருமனதாக இசைந்தாலன்றி எதுவும் நிறைவேறாது என்ற முறையே அதற்குக் காரணம்.

இதற்கிடையே 1992-இல் ஆறு தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடிக் கண்ணிவெடித் தடைக்கான பன்னாட்டு இயக்கத்தைத் தொடங்கின. ஜோடி வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி அதனை ஒருங்கிணைத்தார். கால்களை இழந்த கம்போடியர்களும் ஆப்கானியர்களும் மாநாடுகளுக்கு நேரில் வந்து பேசினர். செஞ்சிலுவையின் பன்னாட்டுக் குழு, 1940 முதல் நடந்த 26 போர்களை ஆராய்ந்து 1996-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கண்ணிவெடிகளால் போரில் விளையும் பயன் மிகக் குறைவு, அவற்றால் மக்களுக்கு விளையும் தீங்கோ மிகப் பெரிது என்பது அதன் முடிவு.

1996 அக்டோபரில் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டின் இறுதியில் கனடா நாட்டு வெளியுறவு அமைச்சர் லாய்ட் ஆக்ஸ்வர்தி யாரும் எதிர்பாராத ஓர் அழைப்பை விடுத்தார். ஓராண்டுக்குள் முழுத் தடை உடன்படிக்கையை எழுதி முடித்து, மீண்டும் இதே நகருக்கு வந்து கையொப்பமிடுங்கள் என்றார். பெரிய நாடுகள் இசையும்வரை காத்திருப்பதில்லை, இசைந்தவர்கள் தொடங்குவோம் என்பதே அவ்வழைப்பின் பொருள். ஆஸ்திரியா வரைவை எழுதியது. 1997 செப்டம்பர் 18-இல் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் வாசகம் ஏற்கப்பட்டது. அங்கே அமெரிக்கா தனக்குச் சில விலக்குகளைக் கேட்டது. மற்ற நாடுகள் இசையவில்லை. அமெரிக்கா சேராது நின்றது. விலக்கு அளித்து ஒரு வல்லரசைச் சேர்ப்பதைவிட விலக்கில்லாத தடையே மேல் என்று சிறிய நாடுகள் முடிவு செய்தன.

1997 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் 122 நாடுகள் கையொப்பமிட்டன. அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசு இவ்வியக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் கிடைத்தது. இயக்கத்தின் சார்பில் பரிசைப் பெற்றுக்கொண்டவர் துன் சன்னாரெத் என்னும் கம்போடியர். இளமையில் போர்வீரராக இருந்தபோது கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்த அவர், தம்மைப் போன்றோருக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுக்கும் பணியை மேற்கொண்டவர். 1999 மார்ச் 1-இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

3. விதிகள் கூறுவன

உடன்படிக்கையில் 22 பிரிவுகள் உள்ளன. அவற்றுள் இன்றியமையாதவற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

(அ) எச்சூழ்நிலையிலும் ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைப் பயன்படுத்தலாகாது, செய்யலாகாது, சேர்த்துவைக்கலாகாது, பிறருக்குக் கொடுக்கலாகாது.

(ஆ) கையிருப்பை நான்கு ஆண்டுகளுக்குள் அழித்துவிட வேண்டும். பயிற்சிக்காக மிகக் குறைந்த அளவே வைத்துக்கொள்ளலாம்.

(இ) தன் நிலத்தில் புதைந்துள்ளவற்றைப் பத்து ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டும். இயலாதவர்கள் காரணம் காட்டி மேலும் காலம் கேட்கலாம்.

(ஈ) உதவக்கூடிய நிலையில் உள்ள நாடுகள் பாதிக்கப்பட்டோரின் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் உதவ வேண்டும்.

(உ) என்ன வைத்திருந்தோம், எவ்வளவு அழித்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும்.

(ஊ) இதில் எந்தப் பிரிவையும் ஒதுக்கிவைத்து மற்றவற்றை மட்டும் ஏற்பது கூடாது.

(எ) விலக விரும்பும் நாடு காரணத்தைக் கூறி அறிவிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்தே விலகல் நிறைவேறும். அந்த ஆறு மாத முடிவில் அந்நாடு போரில் ஈடுபட்டிருந்தால், போர் முடியும்வரை விலகல் செல்லாது.

இக்கடைசி விதியைக் கவனியுங்கள். அச்சமும் சினமும் பொங்கும் நேரத்தில் யாரும் கட்டுப்பாட்டைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதினர். ஆனால் மேலே கண்ட தடை எல்லா வெடிகளுக்கும் உரியதன்று. ஆள் மிதித்தோ நெருங்கியோ தானே வெடிப்பதை மட்டுமே அது குறிக்கும். ஊர்திகளுக்கு எதிரான பெரிய கண்ணிவெடிகளும், ஒருவர் கண்ணால் பார்த்து இயக்கி வெடிக்கச் செய்பவையும் அதில் அடங்கா.

4. கண்ட பயன்

உறுப்பு நாடுகள் இதுவரை 5 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை அழித்துள்ளன. இவை எந்த மண்ணிலும் புதைக்கப்படாமலே ஒழிந்தவை. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தம் நிலம் முழுவதையும் தூய்மை செய்து முடித்தன. பல ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் சிக்கிய மொசாம்பிக் 2015-இல் தன்னைக் கண்ணிவெடியற்ற நாடென அறிவித்தது. அங்கும் கம்போடியாவிலும் வெடிமருந்தின் மணத்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய பெரிய எலிகளைப் பயன்படுத்தினர். அவற்றின் எடை வெடியை இயக்கப் போதாதாகையால் அவற்றுக்குத் தீங்கு நேர்வதில்லை. கம்போடியாவில் பணிபுரிந்த மகாவா என்னும் எலி 71 கண்ணிவெடிகளைக் கண்டறிந்தது. 2020-இல் அதற்குப் பிரிட்டனில் வீரப் பதக்கமும் அளித்தனர்.

ஆண்டுதோறும் கண்ணிவெடியாலும் போரில் எஞ்சிய வெடிபொருளாலும் இறந்தோர், காயமுற்றோர் தொகை 1999-இல் ஒன்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. 2013-இல் அது மூவாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. உடன்படிக்கையில் சேராத நாடுகளும் வெளிப்படையாக இவ்வாயுதத்தை விற்க நாணின.

ஈழத்தின் வடபகுதியில் இப்பயனை நாம் அருகிருந்து காணலாம். அங்கு நடந்த போரில் இருதரப்பினரும் கண்ணிவெடிகளைப் புதைத்தனர். 2009-இல் போர் முடிந்தது. 2017 டிசம்பரில் இலங்கை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலைப் பகுதி அங்குள்ள மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களுள் ஒன்று. தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்த பணியாளர், குச்சி நட்டு எல்லை குறித்த ஒடுங்கிய பாதையில் மண்டியிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாகச் சீய்த்து வெடிகளை வெளிப்படுத்துகின்றனர். ஒரு நாள் முழுதும் உழைத்தும் சில சதுர மீட்டரே முடியும் இடங்கள் உண்டு. இப்பணியில் ஈடுபட்டோரில் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குவோரும் அவர்களுள் இருக்கின்றனர். அவர்கள் தூய்மை செய்த நிலத்தில் மக்கள் மீண்டும் வீடு கட்டிக் குடியேறுகின்றனர்.

5. சேராத நாடுகள்

அமெரிக்கா, ருஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய பெரிய நாடுகள் இவ்வுடன்படிக்கையில் சேரவில்லை. நம் நாடு 1996-இல் திருத்திய பழைய விதிகளை ஏற்றுள்ளது. இவ்வுடன்படிக்கையின் கூட்டங்களுக்குப் பார்வையாளராகச் செல்கிறது. நீண்ட எல்லையைக் காக்க மாற்றுவழி கிடைக்கும்வரை முழுத் தடையை ஏற்க இயலாது என்பது நம் அரசின் நிலை. 2001 - 2002-இல் எல்லையில் படைகள் குவிந்தபோது இந்தியப் படையினர் பெருமளவில் கண்ணிவெடிகளைப் புதைத்தனர். போர் மூளவில்லை. ஆயினும் புதைக்கும்போதும் அகற்றும்போதும் வீரர்கள் மாண்டனர். எல்லையோர உழவர் தம் வயலில் இறங்க இயலாமல் தவித்தனர். நடவாத போரும் இவ்வாறு உயிர்ப்பலி கொண்டது.

அமெரிக்காவின் நிலை மற்றொரு பாடம். 2014-இல் கொரியாவுக்கு வெளியே பயன்படுத்துவதில்லை என்றது. 2020-இல் அதனைத் தளர்த்தியது. 2022-இல் மீண்டும் ஏற்றது. 2024 நவம்பரில் உக்ரைனுக்குக் கண்ணிவெடிகளை அளிக்க இசைந்தது. உடன்படிக்கையால் கட்டுண்ணாத கொள்கை ஆட்சிக்கு ஆட்சி மாறும் என்பது இதனால் விளங்கும்.

6. பின்னடைவு

2014-இல் மொசாம்பிக்கின் தலைநகர் மபுட்டோவில் கூடிய உறுப்பு நாடுகள், 2025-க்குள் அகற்றும் பணியை முடிப்போம் என்று குறிக்கோள் வகுத்தன. அது நிறைவேறவில்லை. சிரியா, ஏமன், மியான்மர் முதலிய நாடுகளின் போர்களில் புதிய கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபின் அவை புதைத்தவை மிகப் பல. 2023-இல் உலகெங்கும் பாதிக்கப்பட்டோர் 5,757 பேர். அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள். மியான்மரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்.

இதன் தொடர்ச்சியாக வந்ததே 2025-ஆம் ஆண்டின் பெரும் பின்னடைவு. அவ்வாண்டு மார்ச்சில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, போலந்து ஆகிய நான்கு நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள் விலகலைப் பரிந்துரைத்தனர். ஏப்ரலில் பின்லாந்தும் அவ்வழியே செல்ல முற்பட்டது. ஐந்து நாடுகளும் கோடைக்காலத்திலேயே முறைப்படி அறிவிப்பை அளித்தன. ஆறு மாதம் கழிந்து, 2025 டிசம்பர் இறுதியில் பால்டிக் நாடுகள் மூன்றும், 2026-இன் தொடக்கத்தில் மற்ற இரண்டும் வெளியேறின. உக்ரைனோ போரிலிருப்பதால் விலக இயலாது. ஆகவே உடன்படிக்கையைத் தான் நிறுத்திவைப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அவ்வாறு நிறுத்திவைக்க உடன்படிக்கையில் இடமில்லை என்று வேறு சில உறுப்பு நாடுகள் மறுப்புத் தெரிவித்தன.

7. இருபுறமும் நோக்குதல்

ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்காமல் தீர்ப்புக் கூறுவது நம் மரபன்று. ஆகவே விலகிய நாடுகளின் சொல்லையும் கேட்போம்.

பின்லாந்துக்கு ருஷ்யாவுடன் 1,340 கிலோமீட்டர் எல்லை உண்டு. அந்நாடு 2012-இல் உடன்படிக்கையில் சேர்ந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை 2015-க்குள் அழித்தது. சொன்ன சொல்லைக் காத்தது. ஆனால் எல்லைக்கு அப்பாலுள்ள நாடு எச்சொல்லும் தரவில்லை. அண்டை நாட்டின்மேல் படையும் எடுத்தது. சிறிய மக்கள்தொகையுடைய நாங்கள் பெரும்படையை முதல் சில நாட்கள் தடுத்து நிறுத்த வேண்டாமா என்று அந்நாடுகள் கேட்கின்றன. பொதுமக்களைக் காக்கும் மற்ற போர்ச் சட்டங்களை மீறமாட்டோம் என்றும் உறுதி கூறுகின்றன. அவர்களது அச்சம் பொய்யன்று.

ஆயினும் அதே ருஷ்யாவுடன் ஏறத்தாழ 198 கிலோமீட்டர் எல்லையுடைய நார்வே விலக மறுத்துவிட்டது. இவ்வாயுதத்தின் மேலுள்ள இழிவு நீங்கிவிட்டால் மீண்டும் அதனைச் செய்வதும் விற்பதும் எளிதாகிவிடும் என்பது அதன் வாதம். அச்சம் ஒன்றாக இருந்தும் முடிவு இரண்டாயின. மேலும், போரில்லாத காலத்தில் மட்டும் காக்கப்படும் தடை போர்க்காலத்து மக்களை எவ்வாறு காக்கும்? உடன்படிக்கையின் முதற்பிரிவிலேயே "எச்சூழ்நிலையிலும்" என்று எழுதியவர்கள் இந்த நாளை எண்ணியே எழுதினர். போர் நடக்கும்போது விலகக் கூடாது என்ற விதி, போர் வருமுன் அஞ்சி விலகுவோரைத் தடுக்கவில்லை. அது விதியின் குறை.

8. நாம் கொள்ளும் பாடம்

கால அளவு வைத்து ஏற்கும் நோன்பை நியமம் என்றும், வாழ்நாள் முழுதும் ஏற்பதை யமம் என்றும் நம் அறநூல்கள் பிரித்துக் கூறும். அணு ஆயுத வரம்பு உடன்படிக்கை நியமம் போன்றது; காலம் முடிந்ததும் தானே முடிந்தது. கண்ணிவெடித் தடையோ காலவரம்பின்றி ஏற்கப்பட்டது; ஆனால் அதற்கும் வெளியேறும் வாயில் ஒன்றை வைத்தனர். நோன்பு ஏற்கும் நாளில் எவருக்கும் துன்பமில்லை. பசியும் நோயும் அச்சமும் வரும் நாளிலேதான் அதன் உறுதி தெரியும். தனிமனிதர்க்கு உரிய இவ்வுண்மை நாடுகளுக்கும் பொருந்துவதை இவ்வரலாறு காட்டுகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். விலகக்கூடிய உடன்படிக்கையால் என்ன பயன்? கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது நின்றது. பெரும்பாலான நாடுகளிடத்தில் இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் அழிக்கப்பட்ட ஐந்தரைக் கோடி வெடிகள் எவர் விலகினாலும் திரும்பி வாரா. மொசாம்பிக்கின் வயலில் இன்று ஓடும் சிறுவனின் கால் காப்பாற்றப்பட்டதே. அதனை எந்த அறிவிப்பும் மாற்றாது. உடன்படிக்கை நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதே விடை. அது தளரும் ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் இழக்கப்படும் என்பது அதன் மறுபக்கம். ஆகவே இவ்விலகல்களை வெறும் செய்தியாகப் படித்துக் கடந்துவிடலாகாது.

காலடி வைக்கும் இடத்தைப் பார்த்து, சிற்றுயிருக்கும் தீங்கு நேராமல் நடக்க வேண்டும் என்று பயின்றவர்கள் நாம். பிறர் காலடியைக் குறிவைத்து மண்ணில் ஒளித்துவைக்கும் ஆயுதம் நமக்கு எவ்வளவு அயலானது என்று சொல்ல வேண்டுவதில்லை. அந்த உணர்வைச் செயலாக்கிய சான்றும் நம்மிடம் உண்டு. 1975-இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, குறைந்த செலவில் செய்யப்படும் ஜெய்ப்பூர்க் காலைக் கட்டணமின்றிப் பொருத்திவருகிறது. ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளுக்கும் சென்று, கண்ணிவெடியில் கால் இழந்தோரை நடக்கவைத்தது. நான்காவதாக நாம் மேலே கண்ட விதி உறுப்பு நாடுகளிடம் எதிர்பார்ப்பதை, உடன்படிக்கையில் சேராத நம் நாட்டின் மக்களே செய்துவருகின்றனர். மக்கள் செய்வதை அரசும் ஒருநாள் செய்யட்டும் என்று கேட்பது குடிமக்களாகிய நம் உரிமை; கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. 1997-இல் பெரிய நாடுகளின் இசைவுக்குக் காத்திராமல் சிறிய நாடுகள் முன்சென்றது சரியா? காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2. பின்லாந்தும் நார்வேயும் ஒரே அண்டை நாட்டை அஞ்சியும் வெவ்வேறு முடிவுக்கு வந்தன. இருவர் காரணங்களையும் எடுத்துக் கூறுக.

3. அச்ச காலத்தில் கைவிட மாட்டேன் என்று நாம் ஏற்றுள்ள நோன்பு எது? இல்லத்தார் கூடியிருக்கும்போது ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துச் சொல்க.